பின்வாசலில் நின்ற கூடை



கடந்த தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று நடந்த ஒன்றை இம்மாதம் உங்கள் முன் வைக்கிறேன். அது என் குறையைப் பற்றியது. ஆகவே எழுதலாமா, வேண்டாமா என்று பல நாள் தயங்கினேன். பிறர் குறையை மறையுரையில் எடுத்துச் சொல்லும் நான், என் குறையை மட்டும் மறைத்து வைப்பது முறையன்று என்று தோன்றியதால் எழுதத் துணிந்தேன்.

எங்கள் வாலாஜாபாத் கடலிலிருந்து தொலைவில் உள்ள ஊர். தறியின் ஓசை கேட்டுத்தான் இங்கே பொழுது விடியும். கடல் என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு மாமல்லபுரம் சுற்றுலா. பெரியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு. அந்த மீனையும் கருவாட்டையும் கூடையில் சுமந்துகொண்டு விடியற்காலைப் பேருந்தில் வந்து இறங்கும் பெண்கள் சிலர் உண்டு. அவர்களில் ஒருவர் கோவளத்துக்குத் தெற்கே உள்ள ஒரு குப்பத்தைச் சேர்ந்தவர். அறுபது வயதைக் கடந்த விதவைத் தாய். ஞாயிறுதோறும் முதல் திருப்பலிக்கு வருவார். கூடையை வேப்பமரத்தடியில் இறக்கிவைத்துவிட்டுக் கோயிலின் பின்வாசற்படிக்கு வெளியே நின்றபடியே பூசை காண்பார். நற்கருணை வாங்க மட்டும் எல்லார்க்கும் கடைசியாக உள்ளே வருவார், வாங்கியதும் வெளியேறிவிடுவார்.

இரண்டு ஆண்டுகளாக இதைப் பார்த்து வந்தேன். நற்செய்தியில் வரும் ஆயக்காரனைப் போல் தொலைவில் நின்று வேண்டும் தாழ்ச்சியுள்ள ஆன்மா என்றே எண்ணியிருந்தேன். ஒருமுறை, பெயர் சொல்லாமல், மறையுரையில் அவரை உதாரணம் காட்டியும் பேசியிருக்கிறேன். இன்று அதை நினைத்தால் நாணம் மேலிடுகிறது.

அந்த ஞாயிறு காலையில் நல்ல தூறல். எல்லாரும் உள்ளே நெருங்கி அமர்ந்திருக்க, அந்தத் தாய் மட்டும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு படியில் நனைந்து நின்றார். பூசை முடிந்ததும் நேரே அவரிடம் சென்றேன்.

"ஏம்மா, மழையில் நிற்கலாமா? உள்ளே வந்து உட்கார்ந்தால் என்ன?"

அவர் தலை நிமிரவில்லை. "வேணாம் சாமி. எம்மேல கவிச்சி வாடை அடிக்கும். முன்ன ஒரு வாட்டி உள்ள வந்து குந்தினேன். பக்கத்துல இருந்த அம்மா மூக்கைப் பொத்திக்கினு எழுந்து அந்தாண்ட போயிட்டாங்க. அதுலேருந்து நான் இங்கியே நின்னுக்கறேன். ஆண்டவருக்கு எங்க நின்னாலும் தெரியும் சாமி."

வாசகர்களே, நான் தாழ்ச்சி என்று போற்றியது தாழ்ச்சியன்று, அவமானம். ஒருவரை நாம் வெளியே தள்ளிவிட்டு, அவர் வெளியே நிற்பதைப் புண்ணியம் என்று புகழ்ந்துகொண்டிருந்திருக்கிறோம். தள்ளியவர் எங்கள் பங்கு மக்களில் ஒருவர். இரண்டு ஆண்டுகளாக ஏன் என்று கேளாமல் இருந்தவர் பங்குத்தந்தை.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய குறை என்று எண்ண வேண்டாம். 2021ஆம் ஆண்டு டிசம்பரில் குமரி மாவட்டத்துக் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய மூதாட்டி ஒருவர், நாற்றம் அடிக்கிறது என்று கூறிப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். அவர் பேருந்து நிலையத்தில் நின்று நியாயம் கேட்டுக் கதறியதை நாடே கண்டது. முதலமைச்சர் முதற்கொண்டு பலரும் கண்டித்தனர். பேருந்துப் பணியாளர்கள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அந்தக் காட்சியைக் கண்டு நானும் கொதித்தேன். என் கோயிற்படியில் நின்றவரை மட்டும் காணவில்லை!

உயிர்ப்பு விழா முடிந்தபின் ஒருநாள் எங்கள் உபதேசியாரை அழைத்துக்கொண்டு அந்தத் தாயின் குப்பத்துக்குச் சென்றேன். போகும் வழியில் பாலாற்றைப் பார்த்தேன். எங்கள் ஊரின் தெற்கே பெரும்பாலும் மணலாகக் கிடக்கும் இந்த ஆறுதான் கிழக்கே ஓடி வாயலூர் அருகே கடலைச் சேர்கிறது. ஆறு சென்று சேரும் இடத்து மக்களை நாம் அறியாமல் இருப்பது விந்தையே என்று எண்ணிக்கொண்டேன்.

நாங்கள் சென்றபோது மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன்கள் இனம் பெருகும்பொருட்டு, நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாது. கரையோரத்தில் தொழில் செய்யும் சிறு படகுகளுக்கு இத்தடை இல்லை. ஆகவே குப்பத்துப் படகுகள் விடியுமுன் சென்று, வெயில் ஏறுமுன் கரை திரும்பிக்கொண்டிருந்தன. கட்டுமரம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. ஆங்கில மொழிக்கே தன் பெயரைக் கடன் கொடுத்த அந்தத் தமிழ்க் கலம், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப்பின் பெரும்பாலும் பைபர் படகுக்கு இடம் விட்டு ஒதுங்கிவிட்டது.

படகு மணலில் முட்டியதும் ஆடவர் வேலை முடிகிறது. பெண்டிர் வேலை தொடங்குகிறது. மீன் ஏலம் போகிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் விலை கூறி, கூடையை நிரப்பி, தலையில் ஏற்றிக்கொண்டு அவர்கள் நடக்கும் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. விற்காமல் நின்ற நெத்திலியும் காரப்பொடியும் உப்பிட்டு மணலில் காய்கின்றன. படகை மேலே தள்ள உதவிய சிறுவர்க்கும், தள்ள வலுவின்றிச் சும்மா நின்ற முதியவர்க்குங்கூட ஒரு கை மீன் கிடைத்தது. யாரும் அதைத் தருமம் என்று சொல்லவில்லை. அது அவர்கள் பங்கு, அவ்வளவே.

எழுபதைத் தாண்டிய மீனவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்து வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார். கடலுக்கு நடுவே மீன் இருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். கோயில் கோபுரத்தையும் அதற்குப் பின்னாலுள்ள பனைமரத்தையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தி, வேறொரு பக்கம் இன்னும் இரண்டு அடையாளங்களைச் சேர்த்துப் பார்த்தால், இரு கோடுகளும் கூடும் இடத்தில் கடலடியில் பாறைத் திட்டு இருக்கும் என்றார். அத்திட்டைப் 'பார்' என்பர். குமரிக் கடற்கரையில் இவ்வாறு இடம் குறிக்கும் கலையைக் 'கணிச்சம்' என்று அழைப்பர். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்கு ஒவ்வொரு பெயர். நீரின் நிறத்தையும் பறவையின் போக்கையும் பார்த்து மீனின் வரவை அறிவர். இப்போது இளைஞர் செயற்கைக்கோள் வழிகாட்டும் கருவியை எடுத்துச் செல்கின்றனர். எனினும் கருவி பழுதானால் பெரியவரைத்தான் கேட்கின்றனர். இத்தனை கல்வியும் ஏட்டில் ஏறாத கல்வி. ஏட்டில் ஏறாததை நாம் கல்வி என்று ஒப்புவதில்லை.

ஆனால் ஏடு என்று சொல்லும்போது ஒன்றை நினைவூட்ட வேண்டும். 1536, 1537ஆம் ஆண்டுகளில் முத்துக்குளித்துறையின் பரதவ மக்கள் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் அவர்களிடையே வந்து, தமிழ் செபங்களை மனப்பாடம் செய்து, மணியடித்துச் சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார். அவருக்குப்பின் வந்த அண்டிரிக்கு அடிகளார் தமிழை முறையாகக் கற்று, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற நூலை அச்சிட்டார். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்நாட்டில் அச்சேறிய முதல் நூல் அதுவே. அதற்கான பொருளை ஈந்தவர் யார்? மன்னரல்லர், அந்த மீனவ மக்களே. 1586இல் 'அடியார் வரலாறு' என்ற நூலும் அவர்களுக்காகவே அச்சாயிற்று. அன்பர்களே, இன்று உங்கள் கையிலிருக்கும் இந்த அச்சுத்தாளுக்கு முன்னோடி எது என்று தேடிப் போனால், அங்கே மீன் வாடை அடிக்கும் கை ஒன்று காசு எண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்கும். அந்தக் கைக்குத்தான் நாம் மூக்கைப் பொத்துகிறோம்.

அவர்கள் பழமை அதனினும் முந்தியது. சங்ககாலத்துப் பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குச் செல்லாமல், சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, உண்டு ஆடி மகிழ்ந்ததைக் காட்டுகிறது. வழிபடும் முறை பிற்காலத்தில் மாறியது. கடலுக்கு ஓய்வு கொடுக்கும் வழக்கம் மாறவில்லை. தென்மாவட்டங்களின் கத்தோலிக்கக் கடற்கரை ஊர்கள் பலவற்றில் ஞாயிறன்று படகுகள் கரையிலேயே நிற்கும்.

இதே வழக்கத்தை உலகின் மறுகோடியிலும் காண்கிறோம். மேற்கு ஆப்பிரிக்காவில், கானா நாட்டுக் கடற்கரையில், கா, பான்டி முதலிய மக்கள் செவ்வாய்க்கிழமைகளில் கடலில் வலை வீசுவதில்லை. கடலுக்குரிய தெய்வம் இளைப்பாறும் நாள் அது என்பது முன்னோர் நம்பிக்கை. அன்று வலை பழுது பார்ப்பர், வழக்குத் தீர்ப்பர். ஒரே பெருமரத்தைக் குடைந்து செய்த நீண்ட ஓடங்களில் வண்ணம் தீட்டி, கொடி பறக்கவிட்டு, இறைவேண்டலையும் பழமொழியையும் எழுதி வைப்பர். நம் கரைவலையைப் போலவே ஊரே கூடி இழுக்கும் வலையும் அங்கு உண்டு. அக்கடற்கரையின் எல்மினா நகரில்தான் 1880இல் மறைபரப்பாளர் இருவர் வந்திறங்கி இன்றைய கானா திருச்சபைக்கு வித்திட்டனர். ஆக, பெருங்கடலுக்கு அப்பாலும் திருச்சபை மீனவர் நடுவிலேயே வேரூன்றியிருக்கிறது. கலிலேயாவில் தொடங்கிய வழக்கமல்லவா அது!

அங்கே ஒரு செய்தி என் உள்ளத்தைத் தொட்டது. கானாவில் மீன் வாணிகம் முழுவதும் பெண்கள் கையில். மீனைப் புகைபோட்டுப் பதப்படுத்தி உள்நாட்டுச் சந்தைகளுக்கு அனுப்புபவர் அவர்களே. ஓடத்துக்கும் வலைக்கும் முதல் போடுபவரும் பல இடங்களில் அவர்களே. ஒவ்வோர் ஊரிலும் மீன் விற்கும் பெண்களுக்குத் தலைவி ஒருத்தி உண்டு. விலை சொல்லவும் சச்சரவு தீர்க்கவும் உரிமை உடையவள். 'கொன்கோஹெனே' என்று அவளை அழைப்பர். அதாவது, கூடை சுமப்பவளுக்கு அங்கே பட்டப்பெயர் உண்டு. நாமோ பெருந்தில் இடம் மறுக்கிறோம்.

எனினும் இரு கடற்கரைக்கும் துன்பம் ஒன்றே. பெருங்கப்பல்கள் கடலை அரித்து அள்ளும்போது சிறு படகுக்காரன் வலை வெறுமையாகிறது. நம் மாநிலத்தில் 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை சிறு தொழிலாளர்க்கென ஒதுக்கியது. அந்த எல்லை மீறப்படுகிறது என்ற முறையீடு இன்றும் ஓயவில்லை. செனகல் நாட்டிலோ மீன் அருகிப்போக, மீன் பிடித்த அதே மரப்படகுகளில் இளைஞர்கள் ஏறி, பிழைப்புத் தேடிக் கேனரித் தீவுகளை நோக்கிச் செல்கின்றனர். பலர் போய்ச் சேர்வதில்லை.

போய்ச் சேராதவரைப் பற்றி நம் கடற்கரைத் தாய்மார்க்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள் ஞாயிறு. அன்று தமிழகக் கரையில் ஏறக்குறைய எட்டாயிரம் உயிர்களைக் கடல் கொண்டது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கரையின் ஆழ்கடல் மீனவரைச் சூழ்ந்தது. தமிழகமும் கேரளமும் சேர்ந்து இழந்தோர் இருநூறுக்கும் மேல். பலரது உடல் கிடைக்கவே இல்லை. அடக்கம் செய்ய உடல் இல்லாத வீட்டில் துக்கத்துக்கு முடிவு எங்கே?

அந்தத் தாயும் அப்படிப்பட்டவர் என்பதை அன்றுதான் அறிந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் விடியலில் சென்ற கணவர் திரும்பவில்லை. வீட்டில் படமும் இல்லை; அக்காலத்தில் படம் எடுத்துக்கொள்ள வசதி ஏது? கார்மேல் அன்னையின் படத்துக்குக் கீழே அவருடைய பழைய வலை ஊசி ஒன்று மாட்டியிருந்தது. அதைத்தான் காட்டினார்.

"ஞாயிற்றுக்கிழமை இங்கே ஆடவர் கடலுக்குப் போவதில்லையாமே. நீங்கள் மட்டும் ஏனம்மா அன்றும் கூடை தூக்குகிறீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "அன்னிக்குத்தான சாமி உங்க ஊர்ல எல்லா வூட்லயும் கவிச்சி சமைக்கறாங்க. கடலுக்கு லீவு உண்டு. தண்டல்காரனுக்கு லீவு உண்டா?"

கடலுக்கு ஓய்வு கொடுக்கத் தெரிந்த மனிதன், கூடைக்கு ஓய்வு கொடுக்கக் கற்கவில்லை. ஓய்வு நாளைப் பற்றி நான் முப்பதாண்டுகளாகச் செய்த மறையுரைகளுக்கு அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் பதிலாயிற்று.

திரும்பி வந்ததும் எங்கள் பங்கின் பெண்கள் கூட்டத்தில் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். யாரையும் குறிப்பிட்டுக் குறை கூறவில்லை. என் குறையைத்தான் சொன்னேன். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்பு பட்டுத் தறியில் வாழ்நாளைக் கழித்த ஒரு மூதாட்டி எழுந்தார். "சாமி, அவங்களுக்குத் தண்டல்னா நமக்கு முன்பணம். முதலாளிகிட்ட வாங்கின முன்பணம் தீராம மூணு தலைமுறை தறிக்குழியிலயே இருந்திருக்கோம். நாம நெய்யறது பட்டு. கட்டறது நூல் சேலை. அவங்க பிடிக்கறது வஞ்சிரம். குழம்பு வைக்கறது பொடி மீனு. ரெண்டு பேரு பொழப்பும் நூல்லதான் தொங்குது. நாம மூக்கைப் பொத்தலாமா?" என்றார்.

நான் ஆயத்தம் செய்து வைத்திருந்த உரையைப் பேசாமலே கூட்டத்தை முடித்தேன். அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது?

அடுத்த ஞாயிறு அந்தத் தாய் வழக்கம்போல் படியில் நின்றார். தறிக்கார மூதாட்டி எழுந்து சென்று கையைப் பிடித்து அழைத்தார். வர மறுத்தார், இருமுறை அழைத்தும் வரவில்லை. மூதாட்டி திரும்பி வந்து தம் இடத்தில் அமரவில்லை. அவரும் அந்தப் படியிலேயே அருகில் நின்றுகொண்டார். அதற்கு அடுத்த வாரம் இன்னும் இருவர் நின்றனர். நான்காம் வாரம், 'என்னால நீங்கல்லாம் வெளிய நிக்கறீங்களே' என்று கூறிக்கொண்டு அந்தத் தாய் உள்ளே வந்தார். கடைசி வரிசையில் சுவரோரம் அமர்ந்தார். இன்னமும் அங்கேதான் அமர்கிறார். முன்பு மூக்கைப் பொத்திய சகோதரி இன்னும் அந்தப் பக்கம் வருவதில்லை. ஆகவே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு உரிமை இல்லை. இரண்டு ஆண்டு நின்ற கால் நான்கு வாரத்தில் மறந்துவிடுமா?

இல்லறத்தாரே, உங்கள் வாசலில் கூடை இறங்கும்போது மூன்று சிற்செயல்களை நினைவில் கொள்ளுங்கள். முதலாவது, அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும்போது நீங்கள் குடிக்கும் குவளையிலேயே கொடுங்கள். இரண்டாவது, துணிக்கடையில் கேளாமல் கொடுக்கும் நீங்கள், கூடைக்காரியிடம் மட்டும் பத்து ரூபாய்க்குப் பத்து நிமிடம் வாதாடாதீர்கள். அந்தப் பத்து ரூபாய் அவர் வீட்டுக்குச் செல்லும் பேருந்துக் கட்டணமாக இருக்கலாம். மூன்றாவது, பிள்ளைகள் எதிரே மூக்கைச் சுளிக்காதீர்கள். வெறுப்பைப் பிள்ளைகள் பாடமாகப் படிப்பதில்லை. நம் முகத்தைப் பார்த்தே படிக்கின்றனர்.

உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் தம் சீடருக்காகக் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டுக்கொண்டு காத்திருந்தார் என்று யோவான் எழுதுகிறார். விடியற்காலையில், இரவெல்லாம் உழைத்துக் களைத்த மீனவரை அவர் சாப்பிட அழைத்தபோது, அவர் கையிலும் அந்த வாடை இருந்திருக்கும். அந்தக் கையை முத்தமிட விரும்பும் நாம், நம் அருகே அமர வரும் கையைத் தள்ளலாகாது.

எங்கள் கோயிலின் வேப்பமரத்தடியில் இப்போது சிறு கூரை ஒன்று போட்டிருக்கிறோம், மழையில் கூடை நனையாதிருக்க. கூரைக்கு ஓலை தந்தவர் யார் என்பதை உபதேசியார் எனக்குச் சொல்லவில்லை. மூக்கைப் பொத்திய சகோதரியாக இருக்கலாம் என்று நான் நம்புகிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அவர் தாமாக வந்து கடைசி வரிசையில் அமரும் நாளில் தெரிந்துகொள்வேன்.